டெப்பில் படம் கீறப் பழக்குவது: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில் சனி, ஞாயிறுகளில் சிறு பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்குகிறேன், பாதி நேரம் தாளில், பாதி நேரம் திரையில். பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பதும், இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்து விழுவதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். கலைக் கல்லூரிப் பாடம் எதுவும் இதில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடியதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எத்தனை வயதில் டெப்பைக் கையில் கொடுக்கலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே அவசரமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்றுதான் இருக்கிறது. கார்ட்டூன் பார்ப்பதும் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம். அதற்குள் படம் கீறுவதையும் திரைக்குள் கொண்டுபோனால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. அதோடு சின்னக் கைக்கு உராய்வு வேண்டும். பாஸ்டலை அழுத்தினால் நிறம் கடுமையாகிறது, மெதுவாக இழுத்தால் மங்கலாக விழுகிறது, கூட அழுத்தினால் உடைகிறது. வழுக்குகிற கண்ணாடியில் விரல் வைத்து இதைப் படிக்க முடியாது.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இல் பிள்ளைகளின் படங்களைப் பருவம் பருவமாகப் பிரித்து எழுதினார். இரண்டு முதல் நான்கு வரை கிறுக்கல். நான்கு முதல் ஏழு வரை, பெரிய தலையிலிருந்து நேரே கால் முளைத்த மனிதர்கள். ஏழு முதல் ஒன்பது வரை, கீழே ஒரு கோடு நிலம், மேலே ஒரு பட்டை வானம், நடுவில் வெறுமை. ஒன்பதுக்குப் பிறகு "உண்மையைப் போல" வரவேண்டும் என்ற ஆசை வருகிறது, கை அந்த ஆசைக்கு ஈடுகொடுக்காது, "எனக்குக் கீற வராது" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை மூடுவதும் இந்த வயதில்தான். டிஜிட்டல் கருவி உண்மையில் உதவுவது இந்த இடத்தில். திருத்தலாம், நகர்த்தலாம், நிறத்தை மாற்றிப் பார்க்கலாம், படம் கெட்டுப்போகும் என்ற பயம் இல்லை. ஆகவே என் கணக்கு, ஏழு எட்டில் மெதுவாக அறிமுகம், ஒன்பது பத்தில் ஒழுங்காகப் பழக்குவது.

தாளில் கீறிப் பழகாமல் நேரே டெப்பில் தொடங்கினால் பிழையா?

பிழை இல்லை. ஆனால் தாளை நிறுத்த வேண்டாம். இரண்டும் ஓடட்டும்.

என்ன வாங்குவது? ஐபேட் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லெப்டொப் இருந்தால் அதோடு இணைக்கிற, திரை இல்லாத பென் டெப்லட் ஒன்று போதும். வாகொம், ஹுயான், எக்ஸ்பி-பென் என்று பல பெயர்களில் வருகிறது, இருப்பவற்றிலேயே மலிவானது இந்த வகைதான். கை பலகையில், கண் திரையில் என்று இருப்பதால் பெரியவர்கள்தான் தடுமாறுகிறார்கள், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துவிடுகிறார்கள். கீறும் பரப்பு ஆறுக்கு நான்கு அங்குலம் அளவில் இருந்தால் சின்னக் கைக்குத் தாராளம். பெரியது வாங்கினால் மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கவும் இடம் இருக்காது. பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பிரித்தறிகிற படிகள்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 2048 என்று இருந்தாலும் பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பேனாவுக்கு பற்றரி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேளுங்கள். பற்றரி இல்லாத பேனாதான் தலைவலி இல்லாதது.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் சில பென் டெப்லட்களை ஓடீஜீ வயர் (போனில் யூஎஸ்பி கருவிகளைப் பொருத்துகிற வயர்) போட்டு அண்ட்ரொயிட் போனிலும் இணைக்கலாம். ஆனால் போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது பலகையில் ஒரு சின்ன மூலை மட்டும்தான் வேலை செய்யும். பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி.

டெப்தான் வாங்குவதென்றால் பேனாவோடு சேர்ந்து வருவதைப் பாருங்கள். சாம்சங்கில் எஸ் பென் உள்ளவை அப்படிப்பட்டவை. ஐபேட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: எல்லா அப்பிள் பென்சிலும் எல்லா ஐபேட்டுக்கும் பொருந்தாது. அதிலும் 2023இல் வந்த யூஎஸ்பி-சீ பென்சில் விலை குறைவு என்று பலர் எடுக்கிறார்கள். அதற்கு அழுத்தம் உணரும் வசதியே இல்லை. மெதுவாக அழுத்தினாலும் பலமாக அழுத்தினாலும் கோடு ஒரே தடிப்புத்தான். குறிப்பெடுக்க நல்லது, படம் கீற எடுத்தால் ஏமாற்றம்.

நடைபாதையில் விற்கிற, ரப்பர் மூக்கு வைத்த பேனாக்கள் எல்லாம் விரலுக்குப் பதில் ஒரு குச்சி, அவ்வளவுதான். திரையில் கை பட்டால் கையும் கீறும். பிள்ளை மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கீறி, பத்து நிமிடத்தில் கை நோகிறது என்று எழும்பிவிடும்.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறு எங்கேயோ வாங்கினாலும் பெட்டியைத் திறந்து ஒரு தடவை கீறிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஒரு அடிமட்டம் கொண்டுபோங்கள், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. திரையில் அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து, பேனாவை அதன் ஓரமாக மெதுவாக, மிக மெதுவாக இழுங்கள். நல்ல கருவியில் கோடு நேராக வரும். மட்டமானதில் கோடு படிக்கட்டு மாதிரி நெளியும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது, அதனால்தான் மெதுவாக. அப்புறம் உள்ளங்கையைத் திரையில் வைத்துக்கொண்டே கீறிப் பாருங்கள். மாற்று நிப் (பேனாவின் முனை) எத்தனை தருகிறார்கள், உத்தரவாதம் எத்தனை மாதம், பேனா மட்டும் தொலைந்தால் தனியாக வாங்கலாமா என்று கேளுங்கள். தொலைவது எப்போதும் பேனாதான்.

எந்தச் செயலி நல்லது?

ஏழு வயதுக்குக் கீழே என்றால் டக்ஸ் பெயின்ட். 2002இலிருந்து இருக்கிறது, இலவசம், விளம்பரம் இல்லை, பழைய கணினியிலும் ஓடும், தமிழிலும் போட்டுக்கொள்ளலாம். கோப்புக்குப் பெயர் என்ன என்றெல்லாம் கேட்காமல் சேமிக்கும், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தனியாகத் திறந்து மூடலாம். முத்திரை குத்தும்போது சத்தம் போடும். வீட்டில் யாராவது பகலில் தூங்குகிறவர்கள் இருந்தால் சத்தத்தை நிறுத்தி வையுங்கள்.

அதற்கு மேலே கிரிட்டா. இதுவும் இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் உண்டு, பெரிய திரை உள்ள அண்ட்ரொயிட் டெப்பிலும் போடலாம். கிக்கி என்ற அணில்தான் அதன் சின்னம், பிள்ளைகள் முதலில் அந்த அணிலைத்தான் கீறிப் பார்க்கிறார்கள். பிரஷ் பட்டியல் மட்டும் பயங்கர நீளம், அதை என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

ஐபேட் என்றால் புரோகிரியேட். ஒரே ஒரு தடவை காசு, மாதச் சந்தா இல்லை. போனில் இபிஸ் பெயின்ட் நன்றாகவே இருக்கிறது, ஆனால் இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், அந்த விளம்பரம் பிள்ளைக்கு ஏற்றதாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. டேட்டாவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

விண்டோஸில் உள்ள பழைய பெயின்ட்டை யாரும் மதிப்பதில்லை. 1985இல் முதல் விண்டோஸோடு வந்தது அது, விண்டோஸ் 11இல் 2023இல் லேயரும் (அடுக்கு அடுக்காகக் கீறுகிற வசதி) சேர்த்துவிட்டார்கள். ஒன்றும் தரவிறக்க முடியாத நிலையில் அதிலேயே தொடங்கலாம்.

களவுப் பதிப்புகளை யூஎஸ்பியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். இவ்வளவு நல்லவை இலவசமாகக் கிடக்கும்போது எதற்கு வைரஸோடு ஒரு செயலி?

முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பது?

சொல்லிக் கொடுப்பதை விட மூடி வைப்பதுதான் முதல் வேலை. பெற்றோர் பலர் செயலியைத் திறந்ததும் "பார் மகள், இதில் எத்தனை பிரஷ், எத்தனை நிறம்" என்று காட்டுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை படம் கீறாது. மினுமினுப்பு பிரஷ், இலை விழுகிற பிரஷ், முகில் பிரஷ் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரையை வெள்ளையாக்கி மூடிவிடும். விளையாட்டாக அது நல்லதுதான், ஆனால் அதைக் கீறப் பழகுவது என்று சொல்ல முடியாது.

நான் செய்வது இது. ஒரே ஒரு பிரஷ், சாதாரணமான, பென்சில் மாதிரி ஒன்று. அளவு மாற்றக் கூடாது. கறுப்பும் இன்னும் இரண்டு நிறமும். சூம் கிடையாது. திரை முழுவதும் ஒரே தாள் என்று வைத்துக்கொண்டு கீற வேண்டும். கிரிட்டாவில் பக்கத்துப் பெட்டிகளை எல்லாம் மூடிவிட்டு வெறும் தாளை மட்டும் விடலாம், கீபோர்டில் உள்ள Tab பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும்.

கீறுவதற்கு ஒரு பொருளை முன்னால் வைக்க வேண்டும். கத்தரிக்காய் நல்லது. குடை இன்னும் நல்லது, பாதி விரித்து வைத்தால் பெரிய பிள்ளைகளுக்கும் வேலை வைக்கும். வாசலில் கிடக்கிற செருப்புச் சோடி, அதிலும் ஒன்று கவிழ்ந்து கிடந்தால் வடிவாக இருக்கும். மனதிலிருந்து கீறு என்று விட்டால் வீடு, மலை, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், ஒரு தென்னை மரம். கொழும்பில் பிறந்து வளர்ந்த, மலையை ரயில் ஜன்னலால் ஒரு தடவை பார்த்திருக்கிற பிள்ளையும் அதே இரண்டு மலையைத்தான் கீறும்.

சூமை ஏன் மறிக்கிறேன் என்றால், முகம் கீறுகிற பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணுக்கு வந்ததும் இரண்டு விரலால் திரையை விரிக்கும். கண் முழுத் திரைக்கும் வந்துவிடும். ஒவ்வொரு இமை மயிராகக் கீறும், கருவிழிக்குள் வெளிச்சப் புள்ளி வைக்கும், அதற்குள் இன்னொரு புள்ளி. இருபது நிமிடம் போய்விடும். பிறகு சுருக்கினால் முகத்தில் ஒரு பக்கத்துக் கண் மட்டும் தேர்ச் சில்லு மாதிரிப் பெரிதாக, மற்றக் கண்ணுக்கு இடமே இல்லாமல் நிற்கும். முழுப் படமும் ஒன்றாகக் கண்ணில் இருக்கும்போதுதான் எது பெரிது எது சின்னது என்று கை பழகும். சூம் பிறகு, கடைசி வேலைக்கு.

அடுத்தடுத்த வாரங்களில் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். முதலில் பிரஷ் அளவு, பிறகு லேயர், பிறகு நிறங்கள், சூம் கடைசியாக. ஒரு வாரத்துக்கு ஒரு புதிய விஷயத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு கோடு கீறி உடனே அன்டூ (கடைசியாகக் கீறியதை நீக்குகிற பொத்தான்), மறுபடி கோடு, மறுபடி அன்டூ. என்ன செய்வது?

இதுதான் டிஜிட்டலில் பெரிய வியாதி, கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். கோடு விழுகிற அதே நேரம் இடக்கை விரல் அன்டூவில் நிற்கும். கோட்டைப் பார்ப்பதே இல்லை. எங்கே பிழைத்தது என்று பார்க்காமல் அழித்துவிட்டுக் கீறுகிற அடுத்த கோடும் அதே இடத்தில்தான் பிழைக்கும். தாளில் அழிறப்பரால் தேய்க்கும்போது பழைய கோடு மங்கலாகத் தெரியும், புதிய கோட்டை அதற்குக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். அன்டூவில் பழைய கோடு ஒன்றுமே மிஞ்சாது.

தடை போட்டால் சண்டைதான் வரும். நான் சொல்வது, பிழைத்த கோடு அப்படியே இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் சரியான கோட்டைக் கீறு. எல்லாம் முடிந்த பிறகு அந்த லேயரை மங்கலாக்கி, மேலே புது லேயர் போட்டு, சரியான கோடுகளை மட்டும் எடுத்துக் கீறு. பெரிய ஓவியர்களின் பென்சில் படங்களிலும் ஒரு தோளுக்கு மூன்று நான்கு கோடுகள் கிடக்கும், அதைக் காட்டுங்கள், பிள்ளை ஆச்சரியப்படும்.

இன்னொரு நல்ல வழி இருக்கிறது. புரோகிரியேட்டும் இபிஸ் பெயின்ட்டும் கீறுகிற முழுவதையும் தாமாகப் பதிவுசெய்து வேகமாக ஓட்டிக் காட்டும். படம் முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். எந்த இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது என்று நீங்கள் ஒன்றும் சொல்லாமலே அதற்குத் தெரிந்துவிடும், சிரிப்பும் வரும்.

லேயர் என்பதை எப்படி விளங்கப்படுத்துவது?

ட்ரேசிங் பேப்பரை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும். ஆனால் சொல்வதை விடக் கோலம் போட வையுங்கள். கீழ் லேயரில் புள்ளி மட்டும், ஐந்துக்கு ஐந்து. அதற்கு மேல் ஒரு லேயரில் சிக்குக் கோடு. முடிந்ததும் புள்ளி லேயரின் கண் பொத்தானை மூடுங்கள், புள்ளி மறைந்து கோடு மட்டும் நிற்கும். அந்த ஒரு நொடியில் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிடும், திரும்பத் திரும்ப மூடித் திறந்து பார்க்கும். பிறகு இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது லேயர் போட்டு நிறம் தீட்டச் சொல்லுங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் போவதால் ஓரம் தாண்டினாலும் கோடு அழியாது.

கிரிட்டாவிலும் புரோகிரியேட்டிலும் ஒரு பக்கம் கீறினால் மற்றப் பக்கமும் தானாக விழுகிற வசதி இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முதல் வாரம் அதைத் திறந்துவிடுங்கள், வகுப்பு முழுக்கக் கோலம்தான். வெசாக் வந்தால் அதே கருவியில் வெசாக் கூடு.

ஒன்று மட்டும் விடாமல் பழக்குங்கள்: லேயருக்குப் பெயர் வைப்பது. "கோடு", "நிறம்", "பின்னால்" என்று தமிழிலேயே வைக்கலாம். பெயர் வைக்காத பிள்ளை புள்ளி லேயரிலேயே முழுப் படத்தையும் கீறிவிட்டு, கடைசியில் புள்ளியை அழிக்கப் போய் அழுதுகொண்டு நிற்கும்.

நிறம் ஊற்றினால் முழுத் திரையும் சிவப்பாகிறது. டெப்பில் பழுதா?

பழுது இல்லை. கோட்டில் எங்கேயோ இடைவெளி இருக்கிறது. சட்டைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு மயிரிழை திறந்திருந்தால் போதும், நிறம் அதால் வெளியே ஓடிவிடும். அந்த இடத்தைத் தேடி மூடச் சொல்லுங்கள், கோட்டை முடிக்கிற பழக்கம் அதில் தானாக வரும். இடைவெளியைக் கண்டும் காணாமல் விடுகிற வசதியும் சில செயலிகளில் உண்டு, அதைப் பிறகு காட்டலாம்.

வட்டம் கீறினால் முட்டையாக வருகிறது. அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை.

வட்டம் முட்டையாவது பலகையின் அளவு விகிதமும் திரையின் விகிதமும் வேறு வேறாக இருப்பதால். பென் டெப்லட்டின் மென்பொருளைத் திறந்து, பரப்பைத் திரையின் விகிதத்துக்கு மாற்றுங்கள். பலகையில் ஓரமாகக் கொஞ்சம் இடம் வீணாகும், அது பரவாயில்லை. பிள்ளையின் கை பிழை என்று நினைத்து இந்த ஒரு காரணத்துக்காகத் திட்டு வாங்குகிற பிள்ளைகள் நிறைய.

அழுத்தம் வேலை செய்யாவிட்டால் அதே மென்பொருளில் விண்டோஸ் இங்க் என்று ஒரு பெட்டி இருக்கும். டிக் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் போட்டுப் பாருங்கள். முன்பு வேறொரு நிறுவனத்தின் டெப்லட் பாவித்திருந்தால் அதன் மென்பொருளை முழுதாக நீக்குங்கள், இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இடக்கைப் பிள்ளை என்றால் இடக்கைக்கு மாற்றுகிற வசதியும் அங்கேதான் இருக்கிறது.

யூடியூப் பார்த்துக் கீறுகிறான். அது போதாதா?

படிப்படியாகக் காட்டுகிற வீடியோ கெட்டதில்லை. பார்த்துக் கீறாமல் யாரும் பழகியதில்லை, அனிமே பார்த்துக் கீறுகிற பிள்ளை உண்மையில் கஷ்டப்பட்டுப் பழகுகிறது. ஆனால் வீடியோவை நிறுத்தினால் ஒன்றும் வரவில்லை என்றால் அவன் கண் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு வீடியோ பார்த்துக் கீறினால் அடுத்த படம் ஜன்னலுக்கு வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் காகத்துக்கா பஞ்சம்? வயரில் வரிசையாக இருக்கும், ஓடாது, கறுப்பு என்பதால் நிறக் குழப்பமும் இல்லை. கடற்கரை ரயில் பாதை, நிறுத்தி வைத்த ஆட்டோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தாங்கி, எல்லாம் இருக்கிறது.

அப்புறம் உண்மையான படங்களைக் காட்டுங்கள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கிடக்கின்றன. பொரளை கோதமி விகாரையின் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40இல் தீட்டியவை இருக்கின்றன. கீற்றின் கோட்டைப் பாருங்கள், கண், மூக்கு, தோள் எல்லாம் கை தூக்காமல் ஓடுகிற தடித்த கோடு. ஒரே பிரஷில் என்ன செய்யலாம் என்று பிள்ளைக்குக் காட்ட அதை விட நல்லது எனக்குத் தெரியாது. அவர் '43 குழு என்ற ஓவியர் குழுவில் ஒருவர், 1943இல் கொழும்பில் சேர்ந்த அந்தக் குழுவின் படங்களை பார்ன்ஸ் பிளேசில் உள்ள சபுமல் அறக்கட்டளை வீட்டில் பார்க்கலாம். கீற் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய கலா பொல சந்தையில் ஓவியர்கள் தெருவோரம் படங்களை வைத்துக்கொண்டு நிற்பார்கள், பிள்ளை நேரே போய்க் கேள்வி கேட்கலாம்.

திரையில் கீறுவது உண்மையான ஓவியம் இல்லை என்று சொல்கிற தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் பிரித்தானிய ஓவியர் டேவிட் ஹொக்னியைப் பற்றிச் சொல்லுங்கள். 2009இல் ஐபோனில் விரலால் பூக்களும் விடியலும் கீறி நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கினார், அடுத்த வருடம் ஐபேட்டுக்குப் போனார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது.

பாடசாலைச் சித்திரப் பாடத்துக்கு இது உதவுமா?

நேரடியாக இல்லை. பரீட்சையில் தாளில் கையால்தான் கீறி வர்ணம் தீட்ட வேண்டும், சாதாரண தரத்துக்கும் அப்படித்தான். அதனால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை டெப்பில் மட்டும் பழகினால் தூரிகையில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்றே தெரியாமல் போய் நிற்கும்.

மறைமுகமாக நிறைய உதவும். தாளில் பென்சிலால் கீறியதைப் போனில் படம் எடுத்து, அதன் மேல் லேயர் போட்டு, நிறத்தை மூன்று விதமாகத் தீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் வானம் மஞ்சள், ஒன்றில் சாம்பல். பிடித்ததைத் தெரிவுசெய்த பிறகு தாளில் போஸ்டர் கலரால் தீட்டலாம். ஒரு தாளும் வீணாகாது, நிறம் பொருந்துமா என்ற தயக்கமும் இல்லை. இன்னொன்று, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்சம் நிழல் சரியில்லை என்று அர்த்தம். தாளில் மட்டும் இதை இவ்வளவு சுலபமாகச் சோதிக்க முடியாது.

சொன்னால் ஏஐ படம் போட்டுத் தருகிறதே, இனி எதற்குக் கீறப் பழக வேண்டும்?

கடையில் இடியப்பம் வாங்கலாம் என்பதற்காக யாரும் பிள்ளைக்குச் சமையல் பழக்காமல் விடுவதில்லை. அதோடு இந்தச் சேவைகள் பலவற்றில் பதின்மூன்று வயதுக்குக் கீழே கணக்குத் திறக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. புரோகிரியேட் நிறுவனம் 2024இல் தங்கள் செயலியில் படம் உருவாக்கும் ஏஐயைச் சேர்க்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது, ஒரு பிள்ளை குடையைப் பார்த்துக் கீறும்போது குடையில் எத்தனை கம்பி, துணி எந்த இடத்தில் மடிகிறது என்று முதல் தடவையாகப் பார்க்கிறது. ஏஐ படத்தில் அந்தப் பார்வைக்கு இடமே கிடையாது. போட்டிக்கு ஏஐ படத்தைக் கொடுத்து அனுப்புகிற பெற்றோரும் இருக்கிறார்கள், அதைப் பற்றி இங்கே எழுதினால் கோபம்தான் வரும்.

கண்ணுக்குக் கெடுதி இல்லையா?

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள ஒன்றை, இருபது செக்கன் பார்க்கச் சொல்லுங்கள். அறை வெளிச்சத்தை விடத் திரை கூசக் கூடாது. டெப்பைத் தட்டையாக வைத்துக் கழுத்தைக் குனிந்து கீறாமல் பின்னால் ஒரு தடித்த புத்தகத்தைச் சாய்த்து வையுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு கீறுவது வேண்டவே வேண்டாம். பின்னேரத்தில் கோல்ஃபேஸிலோ வீட்டு முற்றத்திலோ வெளியே ஓடி விளையாடுகிற நேரத்தை இதற்காகக் குறைக்க வேண்டாம், வெளி வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்க உதவும்.

பிரிண்ட் எடுத்தால் மங்கலாக, புள்ளி புள்ளியாக வருகிறது.

இரண்டு தனிப் பிரச்சினை. புள்ளி புள்ளியாக வருவது தாளைச் சின்னதாகத் திறந்ததால். ஏ4 அளவில் நன்றாக அச்சிட வேண்டுமென்றால் தொடங்கும்போதே 2480க்கு 3508 பிக்சல் என்று வையுங்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300. முடிந்த பிறகு பெரிதாக்கினால் பயன் இல்லை.

நிறம் மங்குவது வேறு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அந்தப் பளீரென்ற பச்சையும் நீலமும் மையில் கிடையாது. அச்சுக்குப் போகிற படத்தில் அந்த நிறங்களைக் கொஞ்சம் தணித்துத் தீட்டப் பழக்கலாம்.

படத்தைக் கொமினிகேஷன் கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். டொகியூமன்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் யூஎஸ்பியில் கொண்டுபோங்கள்.

பிள்ளை கீறிய படங்களைப் பேஸ்புக்கில் போடலாமா?

படத்தைப் போடுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், பாடசாலை, சீருடையில் பட்ஜ் தெரிகிற போட்டோ, இவை வேண்டாம். போடும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வகுப்பில் சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சுவரில் தொங்குகிற படங்களைப் பாருங்கள். இருபது படமும் ஒரே சூரிய அஸ்தமனம், ஒரே படகு, ஒரே தென்னை என்றால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள், அது ஆசிரியர் கீறிய ஒரே படம். ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள், தாளிலும் கீற விடுவார்களா, முடிக்காத படங்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். முடிக்காத படத்தைக் காட்டத் தயங்காத ஆசிரியர் பெரும்பாலும் நல்லவர்.

பழைய லெப்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஓடுமா?

டக்ஸ் பெயின்ட் கட்டாயம் ஓடும். கிரிட்டா ஓடும், ஆனால் பெரிய தாளும் பெரிய பிரஷும் போட்டால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும், பிள்ளைக்கு எரிச்சல் வரும். தாளை 1500 பிக்சல் அளவில் வைத்து, லேயரைக் குறைத்து, பின்னால் ஓடுகிற மற்ற மென்பொருட்களை மூடிவிட்டுப் பாருங்கள். பற்றரி செத்திருந்தால் கரண்ட் போகும்போது எல்லாம் போகும், ஆகவே தானாகச் சேமிக்கிற இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள். கடலுக்குக் கிட்டே இருக்கிற வீடென்றால் பாவிக்காத நேரம் மூடி, துணி போட்டு வையுங்கள், உப்புக் காற்று யூஎஸ்பி துளைகளைத்தான் முதலில் பிடிக்கும்.